ஹர்ப்ரீத் கற்றுக்கொண்ட தமிழ்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொல்லயில் ஊரில் ஒரு சண்டை வெடித்திருக்க வேண்டியது. திரியைக் கொளுத்தியவள் ஒரு பஞ்சாபிப் பெண். அதுவும் தமிழில்!

பக்கத்து வீட்டு ரோஸ்லெட் அக்காவின் புது மருமகள் ஹர்ப்ரீத். பஞ்சாபில் ஒரு சின்ன டவுன். அக்காவின் மகன் அங்கே நர்ஸாக இருந்தபோது காதல், கல்யாணம், எல்லாம் முடிந்து இப்போது இங்கே.

வந்ததுமே என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள் — “ஏன் ஆன்ட்டி எல்லா கேட்டும் பூட்டியே இருக்கு?”

அவள் ஊரில் சாயந்தரமானால் தெருவில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். குருத்வாராவில் முதலாளியும் டிராக்டர் டிரைவரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம்.

எங்கள் தெருவிலோ... ரோஸ்லெட் அக்காவும் மதிலுக்கு அந்தப் பக்கத்து விஜயம்மா அக்காவும் பேசியே பல வருஷம். காரணம்? மதில் தாண்டி நீண்ட ஒரு பலாக்கிளை. அதனால் திட்டுவதும் நேரடியாகக் கிடையாது. கோழி வழியாகத்தான்.

“நாணம் கெட்ட மூதேவி! அந்தப் பக்கம் ஒனக்கு என்ன சோலி?” என்று ரோஸ்லெட் அக்கா கோழியை ஏசுவார். அந்தப் பக்கம் விஜயம்மா அக்கா பூனையை ஏசுவார்.

ஒருநாள் ஹர்ப்ரீத் அந்த ‘நாணம் கெட்ட மூதேவி’க்கு அர்த்தம் கேட்டிருக்கிறாள். மாமியார் திருதிருவென்று விழித்துவிட்டு, “அது... மரியாதையாட்டு கூப்பிடுயதாக்கும் மக்கா” என்று சமாளித்திருக்கிறார்.

ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் ஹர்ப்ரீத் ஆலு பராட்டாவைக் குவித்துவிட்டு, வீடு வீடாகச் சாப்பிடக் கூப்பிடக் கிளம்பினாள். துணைக்கு நான். என்ன விசேஷம் என்று எல்லாரும் சந்தேகமாகக் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது!

நான் தடுப்பதற்குள் விஜயம்மா அக்கா வீட்டு கேட்டைத் திறந்துவிட்டாள். கை கூப்பினாள். மலர்ந்த முகத்தோடு சொன்னாள்.

“நாணம் கெட்ட மூதேவி! சாப்பிட வாங்க!”

தெருவே உறைந்தது. விஜயம்மா அக்காவின் முகம் சிவந்தது. மெல்லத் திரும்பி, மதிலுக்கு மேலே தெரிந்த ரோஸ்லெட் அக்காவின் வெளிறிய முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு!

“இது அவளுக்க சொல்லாக்கும்! டியூஷன் அவகிட்டயா பிள்ளே? நில்லு, சேலை மாத்திட்டு வாறேன்.”

வந்தார். ரோஸ்லெட் அக்கா பரிமாறினார்.

“இந்த மூதேவிக்கு இன்னொண்ணு உண்டா?”

சிரிக்கத் தொடங்கிய ரோஸ்லெட் அக்கா அழுதுவிட்டார். “நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ வருவேண்ணு பாத்தேன்டீ.”

“வந்தேன். வார்டு வாசல் வரைக்கும் வந்தேன். பின்னே உள்ள கேற மனசு வரேல்ல.”

ஹர்ப்ரீத் இரண்டு தட்டிலும் வெண்ணெயை அள்ளி வைத்தாள்.

இப்போது இரண்டு அக்காக்களும் மதிலோரம் நின்று, மருமகள் வெண்ணெயைக் கொட்டுவதைப் பற்றி ஒற்றுமையாகக் குறை சொல்கிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். நிஜமாகவே அர்த்தம் தெரியாமலா கூப்பிட்டாள்? கேட்டே விட்டேன்.

ஹர்ப்ரீத் கண்ணைச் சிமிட்டினாள் — “ஆன்ட்டி, எங்க ஊர்லயும் மாமியார் உண்டு, கோழியும் உண்டு!”