காசிம் காக்கா போட்ட பானா

காசிம் காக்கா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தியைக் கீழக்கரையிலிருந்து வந்த கருவாட்டு வியாபாரி ஒருவர், பாம்பன் சந்தையில் என் மனைவி பேச்சியிடம் சொல்லியிருக்கிறார். கடைசிக் காலத்தில் போய்த் தங்கியிருந்த மகள் வீட்டில், அசர் தொழுகைக்குக் கைகால் கழுவ உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் நம்பவில்லை. காக்காவைப் பற்றி எங்கள் கரையில் உலவிய செய்திகளில் பாதிக்குமேல் பொய். "சொன்னவன் கண்ணால பாத்தானா?" என்று கேட்டேன். "கபர்ல மண்ணு அள்ளிப் போட்டுட்டு வந்தவரு சொல்றாரு. இதுலயுமா ஒனக்குச் சந்தேகம்?" என்று சொல்லிவிட்டுப் பேச்சி மீன்கூடையை இறக்கி வைத்து அழுதாள். அவள் அழுத பிறகுதான் நம்பினேன்.

நம் முதியோர் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வலை இழுத்துக் காய்த்துப்போன கை இது. ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் வெயில் வாசலிலிருந்து கொல்லைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் நேற்று எழுதிய வரி இன்று காலையிலும் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கடலில் போட்ட எதுவும் மறுநாள் அப்படி இருந்ததில்லை. காக்காவை அறிந்தவர்கள் என் வேகத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மார்கழிப் புயலை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தனுஷ்கோடி போயிற்று. ரயில் போயிற்று. நாடே அழுதது என்று ரேடியோவில் சொன்னார்கள். என் தம்பி பரமன் அந்தப் பக்கத்தில்தான் கரைவலைக்குப் போயிருந்தான். அவன் உடல் கிடைக்கவில்லை. தனுஷ்கோடி வழியில் ஒரு குடியிருப்பில் சின்னக் கல் பள்ளிவாசல் இருந்தது. அதில் பாங்கு சொல்லும் மோதினாராக இருந்த காசிம் காக்கா, புயலுக்குப் பின் ஒரு போர்வையோடு எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தார். கரையில் ஓர் ஓலைக் கொட்டகை போட்டு, கிழிந்த வலைகளைப் பொத்திப் பிழைத்தார். டீக்கடைச் செல்லையா அன்றைக்கே கேட்டான்: "அங்கன எல்லாரும் போயிட்டாக. இவரு மட்டும் எப்படித் தப்புனாரு?" கேட்டது அவன்தான். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் எல்லோருடைய வயிற்றிலும் இருந்தது.

வந்த சில மாதத்தில் காக்கா கடலிலிருந்து வெள்ளைக் கற்களைப் பொறுக்கி வந்து மணலில் அடுக்கத் தொடங்கினார். முதலில் மேற்கே ஒரு நீள வரிசை. அதன் இரண்டு முனையிலிருந்தும் கிழக்கே ஒவ்வொரு வரிசை. உயரம் முழங்காலுக்குக் கீழே. கூரை இல்லை. கிழக்குப் பக்கம் முழுவதும் திறந்திருந்தது. அதற்குள் நின்று தொழுதார். யாரும் தடுக்கவில்லை. ஒரு மனிதன் வெறும் மணலில் தொழுவதில் எங்களுக்கு என்ன நட்டம்?

பிறகு பாகிஸ்தானோடு சண்டை வந்தது. விளக்குகளை மறைக்கச் சொன்னார்கள். கடலோரத்தில் காவல் இருக்கச் சொன்னார்கள். எங்கள் கூட்டத்தில் சேர காக்காவும் வந்தார். இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "வயசாச்சு காக்கா, நீங்க படுங்க" என்றார்கள். அவரைவிட மூத்தவனான நான் கம்போடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் நாங்கள் அவர் கொட்டகைப் பக்கமே நிற்பதைக் கண்டு சொன்னார்: "ஏலே, எல்லாருமா என்னையவே பாத்துக்கிட்டு நின்னா, கடலை யாருலே பாக்குறது?"

அந்த வாரம்தான் செல்லையா மேற்கே உள்ள மணல்மேட்டில் ஏறினான். மூச்சு இரைக்க இறங்கி ஓடி வந்தான். கடை வாசல் மணலில் விரலால் கீறிக் காட்டினான். ஒரு கோடு கீழே இறங்கியது, குறுக்கே போனது, மறுபடி மேலே ஏறியது. "பானா! மேக்கேருந்து பாத்தாப் பானா! ஏரோப்ளான் எங்கேருந்து வரும்? மேக்கேருந்துதான? பாகிஸ்தானுக்கு மொத எழுத்து என்ன? பானாதான?" என்றான்.

அதுவரை எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட எழுத்து அதுதான். கற்ற உடனே பயமும் வந்தது. கல்லைப் பார்த்தேன், எழுத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

மண்டபம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். காக்கா துரோகி என்று முடிவானால் கையில் விலங்கு. ஆகாவிட்டாலும் கரையைவிட்டுப் போகச் சொல்வார்கள். கூட்டம் அதற்காகத்தான் நின்றது.

"ஒம்ம நாடு எதுவே?" என்று ஏட்டையா தொடங்கினார்.

"நான் பாங்கு சொன்ன பள்ளி தண்ணிக்குள்ள கெடக்கு ஐயா. அந்தக் கல்லு எந்த நாட்டுதோ, நானும் அந்த நாட்டுக்காரன்தான்."

"இங்கன பானா எதுக்குப் போட்டீரு?"

"பானாவா? அது எப்படி இருக்கும்?" என்று காக்கா கேட்டார். அவருக்கு அரபு எழுத்துதான் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. "நடிக்கிறாரு!" என்றான் செல்லையா.

அப்போது பின்னாலிருந்து பேச்சியின் குரல் வந்தது. "ஏலே செல்லையா, அங்கேருந்து வார ஏரோப்ளான்காரனுக்குத் தமிழ் யாருலே சொல்லிக் குடுத்தது? ஒங்க அய்யாவா?"

கூட்டம் சிரித்துவிட்டது. ஏட்டையாவும் மீசையைத் தடவிச் சிரித்தார். செல்லையா மட்டும், "இருந்தாலும்..." என்றான். அந்த 'இருந்தாலும்' ஏட்டையாவின் சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். "சரி, நாலாவது பக்கமும் கல்லு வச்சு அடைச்சிரும். எழுத்தும் இல்ல, வம்பும் இல்ல" என்றார். எல்லோருக்கும் அது நல்ல முடிவாகத் தெரிந்தது. அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய காக்கா, அதற்கு மட்டும் முடியாது என்றார்.

"பாத்தீகளா!" என்றான் செல்லையா. நானும் அப்போது அவன் பக்கம்தான் நின்றேன். கல் வைக்க மறுக்கும் மனிதனிடம் என்னவோ இருக்கிறது என்று எனக்கும் பட்டது.

காக்கா மணலைப் பார்த்தபடி சொன்னார். "அந்தப் பள்ளிக்குக் கதவு இருந்துச்சு ஐயா. காத்து தள்ளுதேன்னு நான்தான் உள்தாழ்ப்பாள் போட்டேன். கூரை போச்சு. செவத்துமேல தொத்திக் கெடந்தேன். தண்ணி வடிஞ்சு எறங்கி வந்து பாக்குறேன், கதவு மட்டும் போகல. தெறந்தா, படியில ஆளுக கெடக்குறாக. கதவுல நகம் கீறுன தடம். தட்டிருக்காக. காத்துல எனக்குக் கேக்கல. இனி நான் நிக்கிற எடத்துக்குக் கதவும் வேணாம், அடைப்பும் வேணாம். என்னைய வேணா வெலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போங்க."

ஏட்டையா தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டார். "பகல்ல ஓலை போட்டு மூடிக்கிரும். தொழுறப்ப எடுத்துக்கிரும். சண்டை முடியிறமட்டும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். முதல் ஓலையைப் பேச்சி இழுத்து வந்தாள். செல்லையாவும் ஓர் ஓலை கொண்டுவந்து போட்டான். போட்டவன் அதைத் தூக்கி அடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

ஊருக்குச் சந்தேகம் தீர்ந்தது. எனக்கு அன்றுதான் தொடங்கியது. அந்தப் படியில் கிடந்தவர்களில் பரமனும் ஒருவனா? பல நாள் காக்காவோடு பேசவில்லை. என் வலையைப் பொத்த அவரிடம் கொடுக்கவுமில்லை. ஒருநாள் அவரே என் படகடிக்கு வந்து உட்கார்ந்தார்.

"முனியாண்டி, சந்தேகத்த வயித்துல வச்சு வளக்காத. கேட்டுரு."

கேட்டேன்.

"எல்லா மொகத்தையும் தொடச்சுப் பாத்தேன்யா. ஒன் தம்பிய அதுக்கு முன்னால நான் பாத்ததில்ல. இருந்தான்னு சொன்னாலும் பொய், இல்லைன்னு சொன்னாலும் பொய். எனக்குத் தெரியாது. தெரியாததுனாலதான் தொறந்து வச்சிருக்கேன்."

அவர் சொன்னது முழு உண்மையா, என் மனம் தாங்காது என்று ஒரு பகுதியை மறைத்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. நான் அப்படிப்பட்டவன். ஆனால் அதன்பின் ஒவ்வொரு மார்கழியிலும் பரமனுக்காக எள்ளும் தண்ணீரும் கடலில் விட்டுவிட்டு, நேரே அந்தத் திறந்த பக்கமாக உள்ளே போய் உட்காருவேன். காக்கா அவருடைய ஓதலை ஓதுவார். முடிந்ததும், "வந்துட்டுப் போயிருப்பாக" என்பார். யார் என்று நான் கேட்டதில்லை. நான் அவரிடம் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

காக்கா மவுத்தான செய்தி வந்த மாலை அந்தக் கல்வரிசைக்குப் போனேன். செல்லையா எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தான். சரிந்த கல் ஒன்றை எடுத்து வரிசையில் வைத்துக்கொண்டிருந்தான். "நாலாவது பக்கத்துல எவனும் கல்லு கில்லு வச்சிறாம நான் பாத்துக்கிறேன்" என்றான். "ஒன்னையத்தான்லே பாத்துக்கிறணும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை.

நம் வாத்தியாரம்மா 'ப' எழுதும்போது இடது கோட்டை மேலிருந்து இறக்கி, அடியில் இழுத்து, வலது பக்கம் ஏற்றச் சொல்கிறார். எனக்கு அது வரவில்லை. முதலில் அடிக்கோட்டைப் போடுகிறேன், பிறகு இரண்டு பக்கத்தையும் ஏற்றுகிறேன். காக்கா கல் அடுக்கியது அப்படித்தான். பலமுறை திருத்திப் பார்த்துவிட்டு வாத்தியாரம்மாவும் விட்டுவிட்டார். என் தம்பியின் பெயருக்கும் அதுதான் முதல் எழுத்து என்பது இதை எழுதும்போதுதான் எனக்குத் தெரிந்தது. பரமன் என்று எழுதுகிறேன். மேல் பக்கம் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அதன்பிறகே அடுத்த எழுத்துக்குப் போகிறேன்.