ஜன்னலைத் திறந்தபோது மேளம் இல்லை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் வரும். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத வராது. அதனால் நானே எழுதுகிறேன்.

போன வருடம், தாராவியில், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம். மகள் வெளிநாட்டில் இசை ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். மற்ற இடங்களிலெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பல்கலைக்கழகம். அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பில் நேர்காணல். தோல் பை தைக்கும் கார்கானாவுக்கு நான் லீவு போட்டிருந்தேன்.

கொடைக்கு வாசிக்கும் நையாண்டி மேளக்காரர்கள் எங்கள் வீட்டுக்குக் கீழேதான் வாசித்துப் பழகுவார்கள். அந்தச் சத்தத்தில் மகள் பேசுவது எப்படிக் கேட்கும்? யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத நான், தயங்கித் தயங்கி தவில்காரரிடம் போய், கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்றேன்.

"அண்ணாச்சி, நீரு வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதே இதான் மொதத் தடவ. அதுக்காவது நிறுத்தணும்லா!" என்று சிரித்துவிட்டு, ஆட்களோடு டீக்கடைக்குப் போனார்.

மகளிடம் சொல்லவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். மேலே அவள் இங்கிலீஷில் தடுமாறாமல் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஜன்னல் திறக்கும் சத்தம். அடுத்த நொடி படிக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, மேளம் எங்கப்பா? இப்ப கீழ வாசிப்பாங்க, கேளுங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்!"

அப்போதுதான் விளங்கியது. ஊர் மேளத்துக்குள் பம்பாய் கணபதி ஊர்வலத்து அடி எப்படிக் கலந்தது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதைக் கேட்க வைக்கத்தான் அந்த நேரத்தையே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

செருப்புகூடப் போடாமல் டீக்கடைக்கு ஓடினேன். சந்தே திரும்பிப் பார்க்கும்படி, "வாங்கவே! வந்து வாசிங்கவே!" என்று கத்தினேன்.

"இப்பதான நிறுத்தச் சொன்னீரு? பாகல் ஆயிட்டீரோ, கிறுக்கு கிறுக்குப் பிடிச்சிட்டோ?" என்று கேட்டபடியே தவில்காரர் டீயை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

அன்று வாசித்த வாசிப்பில் எங்கள் தகரக் கூரை அதிர்ந்தது. ஊர் மேளம் வேகமெடுத்து கணபதி அடிக்குத் தாவிய இடத்தில், லேப்டாப்பில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்களாம்.

இடம் கிடைத்தது, முழு உதவித்தொகையோடு. செய்தி கேட்டு வந்த தவில்காரர், "அண்ணாச்சி, இன்னிக்கி வாசிக்கவா, நிறுத்தவா?" என்றார். "வாசிங்கவே!" என்ற என் குரல் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

எந்தச் சத்தம் இடைஞ்சல் என்று நான் நிறுத்தச் சொன்னேனோ, அதை வைத்துத்தான் என் மகள் கடல் தாண்டினாள். இப்போது அவள் போன் பேசும்போது கீழே மேளம் தொடங்கினால் நான் ஜன்னலை மூடுவதில்லை, போனை வெளியே நீட்டுகிறேன்.

எழுதி முடித்தது: ஆடி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.