சிக்காத அளவு

"ஓரமா நிறுத்துங்க. இண்டிகேட்டரைப் போடுங்க... இண்டிகேட்டருன்னா அது, வைப்பர் இல்ல!"

மழைக்கு அறிகுறியே இல்லாத வானத்தின் கீழ் வைப்பர் கண்ணாடியைத் தேய்க்க, கார் ஒருவழியாகச் சாலையோரம் நின்றது. பிரேக் அக்கா பையிலிருந்து மாத்திரையை எடுத்து, அண்ணாந்து ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினார். காலை வகுப்பில் யார் ஓட்டினாலும் இந்த நிறுத்தம் உண்டு.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது, ஆசிரியர் பக்கம் பொருத்தியிருக்கும் கூடுதல் பிரேக்கால். கால் எப்போதும் அதன்மேலேயே இருக்கும். வீட்டில் சினிமா பார்க்கும்போதுகூடத் திரையில் கார் பறந்தால் தரையை மிதிப்பார்.

"எதுக்குக்கா மாத்திரை?" என்று கேட்டால் மழுப்பமாட்டார். "எச்.ஐ.வி.க்கு. சரி, கியரைப் போடுங்க." கேட்டவர் கைக்குக் கியர் அகப்படாது. சிலர் மறுநாளே வேறு ஆசிரியரைத் தேடிப் போனதுண்டு. "ஸ்டியரிங்கைத் தொட்டா ஒட்டிக்கும்னு நினைக்கிறவங்க ரோட்டுக்கு வராம இருந்தாலே விபத்து குறையும்" என்பார்.

முதல் கணவர் மூலம் வந்தது. அது என்ன நோய் என்று தெரிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா துரும்பாக இளைத்தார். உறவுக்காரர்கள் வாசலோடு நின்று நலம் விசாரித்துப் போனார்கள். சிகிச்சை தொடங்கி, உடம்பு தேறி, பிறகு ஒருநாள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "வைரஸ் சிக்கவே இல்ல" என்றார்.

"அப்போ போயிடுச்சா?"

"போகல. பரிசோதனைல சிக்காத அளவுக்குக் கொறைஞ்சிருக்கு. மாத்திரை அதை அமுக்கி வெச்சிருக்கு."

அன்றிலிருந்து, பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்லும் தாயைப் போல, ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் பள்ளி முழுக்கச் சொல்வார்: "இந்தத் தடவையும் சிக்கலையாம்!"

திரைச்சீலை தைக்கும் ஒருவர் கார் ஓட்டக் கற்க வந்தார். ஓட்ட வரவில்லை, காதல் வந்தது. எல்லாம் தெரிந்தேதான் கல்யாணப் பேச்சை எடுத்தார். அவரை வளர்த்து ஆளாக்கிய மூத்த சகோதரிதான் கொதித்துப்போனார். "ரெண்டு பேரும் என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. கேட்டுட்டுத் திட்டுங்க" என்று பிரேக் அக்காவே அழைத்துப் போனார்.

"கல்யாணம் ஆனா என் தம்பிக்கும் வந்துடாதா?" என்று நாத்தனார் ஆகப்போகிறவர் நேரடியாகவே கேட்டார்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இவங்க ரத்தத்துல வைரஸ் ரொம்ப நாளா சிக்கல. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டு இப்படியே இருக்கிற வரைக்கும், தாம்பத்தியத்துல அவருக்குப் போகாது."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட. பல நாட்டுல ஆயிரக்கணக்கான ஜோடிகளை வருஷக்கணக்கா கவனிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றோம்."

"மாத்திரையை விட்டா?"

"அளவு ஏறும். அப்போ ஆபத்துதான். அதனாலதான் விடக்கூடாது, பரிசோதனையும் தவறக்கூடாது."

மூத்தவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "விட்டுடுவியா?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரேக்குல இருந்து நான் காலை எடுத்ததை இந்த ஊர்ல யாராவது பார்த்திருக்காங்களான்னு கேளுங்க."

தம்பி சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை.

வருடங்கள் ஓடின. கணவர் பரிசோதனைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்றே முடிவு வருகிறது. அவருக்கு இன்னமும் பின்பக்கமாக எடுத்து நிறுத்தத் தெரியாது. "இவருக்கு என்கிட்ட இருந்து எதுவுமே ஒட்டல, டிரைவிங் உட்பட" என்று அக்கா எல்லோர் எதிரிலும் பெருமையாகச் சொல்வார். கணவர் தலையைக் குனிந்து தையல் தைப்பார். உதடு மட்டும் சிரிக்கும்.

போன வாரம் பயிற்சிப் பள்ளி வாசலில் நாத்தனார் நின்றிருந்தார், மகளோடு. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் காரைப் பார்த்துச் சொன்னார்: "இவளுக்குக் கத்துக்கொடு. வேற யார்கிட்டயும் நான் விடமாட்டேன்."

அக்கா பெண்ணை ஓட்டுநர் இருக்கையில் அமரச் சொல்லி, பக்கத்தில் ஏறிக்கொண்டார். கார் உறுமியது, குலுங்கியது, நின்றது. மறுபடி உறுமியது. பின்னாலிருந்து ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தபடி வந்தது.

நாத்தனார் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடுரோட்டில் இறங்கினார். வலது கையை உயர்த்தி லாரியை நிறுத்தினார். இடது கையால் காரை, "நீ போ" என்று அசைத்தார்.