எலியைத் தொடாத பெண் பாம்பு
லண்டன் வெம்பிளி வீட்டு மாடியறையில் பல வருடங்களாக நஞ்சில்லாத கிங்ஸ்நேக் பாம்புகளை வளர்த்து, குஞ்சு பொரிக்கவும் வைக்கிறேன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. ஒருமுறை, ஆணுடன் சேரவிட்டிருந்த பெண் பாம்பு மூன்று வாரம் எலியைத் தொடவில்லை. நோய் என்று முடிவுகட்டி, வலுக்கட்டாயமாக ஊட்டக் கையில் எடுத்தேன்.

பாம்பறைக்குள் காலே வைக்காத மனைவி வாசலில் நின்று, "இஞ்சேருங்கோ, அதின்ரை பின்வயித்தைப் பாருங்கோ, மணி கோத்தமாதிரிக் கிடக்கு. பிள்ளை வயித்திலை இருக்கேக்கை எனக்கும் சாப்பாடு இறங்கேல்லைத்தானே?" என்றாள்.

பார்த்தேன், வரிசையாக முட்டைகள். இறுக்கிப் பிடித்திருந்தால் உள்ளேயே உடைந்திருக்கும். உடனே அது முட்டையிட ஈரப்பாசி நிரப்பிய பெட்டியைக் கூண்டுக்குள் வைத்தேன். முட்டையிடுமுன் வழக்கம்போலப் பாம்பு சட்டை உரித்தது; அதிலிருந்து பத்தாம் நாள், பெட்டிக்குள் ஒன்பது முட்டைகள்.

இப்போதெல்லாம் பெண் பாம்பு சாப்பிட மறுத்தால் முதலில் பின்வயிற்றைப் பார்க்கிறேன். சந்தேகமென்றால் மனைவியைக் கூப்பிடுகிறேன். வாசல்வரைதான் வருவாள், அது போதும்.