வெளியே பெஞ்சில் இரண்டு பேர்

இந்த ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, “ம்வாஷிபுக்கேனி?” பெம்பா மொழியில் அதற்கு, விழித்துவிட்டீர்களா என்று பொருள். எதிரே நிற்கிறேன், கண் திறந்திருக்கிறது, கையில் குடையும் சாப்பாட்டுத் தூக்கும் இருக்கின்றன. இதையெல்லாம் பார்த்துவிட்டு விழித்தாயா என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல? வந்த புதிதில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். “ஏயா முக்வாய்”, ஆமாங்க, என்று சொல்லிப் பழக வெகுநாள் பிடித்தது. நாங்கள் ஜாம்பியாவுக்கு வந்து நாலாவது வருடம் நடக்கிறது. செம்புச் சுரங்கம் இருக்கிற இந்த ஊரில் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். நான் ஒரு குஜராத்திக்காரரின் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன். இத்தனை நாளில் நான் விழித்தேனா என்று கேட்காத ஆள் கிடையாது. என்ன சம்பளம் என்று கேட்ட ஆளும் கிடையாது.

நம் பக்கம் அப்படியா? செங்கல்பட்டு போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் கேட்டுவிடுவாள். “எங்கம்மா வேலை? இன்னா தராங்க?” தெரிந்தவள், தெரியாதவள் என்ற பேதமே இல்லை. செங்கல்பட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு நான் போய்வந்த ஒன்றரை வருடமும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தேன். “ஏதோ தராங்க.” கேட்டவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கொளவாய் ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள். அந்த ஏதோவுக்குள் ஒரு நயா பைசாவும் இல்லை என்பது எனக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

திருக்கழுக்குன்றம் தாண்டிக் கல்பாக்கம் போகிற சாலையை ஒட்டியது எங்கள் தெரு. எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு முழம் நிலம் கிடையாது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த நைனா, கல்பாக்கத்தில் கட்டட வேலை தொடங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே மண் சுமக்கப் போனார். என்னையும் தம்பி சாமுவேலையும் மிஷன் பள்ளிக்கூடத்தில் போட்டு, பிறகு காலேஜுக்கு அனுப்பி, இரண்டு பேரையும் பி.காம். ஆக்கினார். மண் சுமப்பது தன்னோடு ஒழியட்டும் என்பது மட்டும்தான் அந்த மனுஷனுடைய ஆசை. எங்களுக்கென்று வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

பி.காம். என்றால் மேஜை, மின்விசிறி, மாதச் சம்பளம் என்று தெருவே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுத் தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனதுதான் மிச்சம். கடைசியில் அந்த ஆடிட்டர் ஆபீஸ் வாசலுக்குப் போனேன். அங்கே ஒரு மரப் பெஞ்சு கிடக்கும். வேலை தேடி வந்த பி.காம்.கள் உட்காருகிற இடம். புதிதாக யாராவது வந்தால் இருக்கிறவர்கள் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து இடம் விடுவார்கள். உள்ளே இருக்கிற ஒருவருக்கு பாங்க்கிலோ சர்க்காரிலோ வேலை கிடைத்துவிட்டால் பெஞ்சிலிருந்து ஒருவர் உள்ளே போவார். போனாலும் சம்பளம் கிடையாது. அதற்கு ‘வேலை பழகிக்கொள்வது’ என்று பெயர். அரிசி மில், ஜவுளிக்கடை, உரக்கடை என்று செங்கல்பட்டின் பாதிக் கணக்கைப் பழகுகிற நாங்கள்தான் எழுதுவோம், கூட்டுவோம், ஐந்தொகை சரிவரவில்லை என்றால் திட்டும் வாங்குவோம். தீபாவளிக்கு ஒரு புடவை உண்டு. பழகி முடித்தபிறகு ஏதாவது கடையில் கணக்குப்பிள்ளை வேலை கிடைக்கலாம். கிடைத்தாலும், கொத்தனாரிடம் சித்தாளாகப் போகிறவள் வாங்குவதைவிடக் குறைச்சலாகத்தான் ஆரம்பிப்பார்கள். அதற்கும் அடிதடி. இதெல்லாம் அநியாயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே கூப்பிட்டாரே, நல்ல மனுஷன் என்றுதான் தோன்றியது. கல்யாணமாகிக் கப்பலேறும்போது என் இடத்தைத் தம்பிக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெரிய சீதனம் கொடுத்த மாதிரி அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

போன வருடம் எங்கள் கடைக்குக் கணக்கெழுத இன்னொரு ஆள் தேவைப்பட்டது. முசோண்டா என்று ஒரு இளைஞன் வந்தான். பள்ளிப் படிப்பும், அதற்கு மேல் கொஞ்சம் கணக்குப் பயிற்சியும் உண்டு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “ஆறு மாதம் பழகட்டும், அப்புறம் சம்பளம் பேசலாம் என்று நீயே சொல்லிவிடு” என்றார். சொன்னேன். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், தாய்ப்பாலோடு வந்த பாஷை மாதிரி அது என் வாயில் வந்தது. அவன் புரியாமல் என்னைப் பார்த்தான்.

“பா மாயோ,” என்றான். பெண்களை அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது அது. “பழகும்போது நான் எழுதுகிற கணக்கைக் கிழித்துப் போட்டுவிடுவீர்களா?”

“எதற்குக் கிழிக்க வேண்டும்? கடைக்கு அதுதானே கணக்கு?”

“அப்படியென்றால் அதற்குச் சம்பளம் உண்டு.”

பிள்ளைக்கு இங்கிலீஷ் சரியாகப் புரியவில்லை என்று நினைத்து நான் மறுபடி நிதானமாக விளக்கினேன். எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து அவனும் நிதானமாக விளக்கினான். குரலில் கோபமே இல்லை. கடைசியில் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒரு தொகையைச் சொன்னார். முசோண்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் எழுதிய கணக்கையும்தான் யாரும் கிழித்துப் போடவில்லையே என்று வயிறு எரிந்தது. அங்கே என் தம்பி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறானே என்று அதைவிட எரிந்தது.

இந்த வருடம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். நான் போய் இறங்கிய மறுநாள் முதல் தேதி. சாயங்காலம் சாமுவேல் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிக் காராபூந்திப் பொட்டலத்தைத் தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வந்தான். “சாமுவேலு சம்பளம் வாங்கினு வந்துட்டான் போல கீதே” என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மாதாமாதம் இப்படித்தானாம். பூந்திக்கும் பஸ்ஸுக்கும் சட்டை இஸ்திரிக்கும் ஆகிற காசு நான் அனுப்புவது. சம்பளமே வாங்காதவனுக்கு மாதாமாதம் ஒரு சம்பள நாள் நடக்கிறது.

“நீ எழுதறத அவங்க கிழிச்சா போடறாங்க? கேளுடா” என்றேன்.

“கேட்டா இன்னா சொல்வாரோ.”

“இன்னா சொல்லிடுவாரு? மூணு வருசம் ஆவுது.”

“நீ வெளிநாட்டுல குந்திகினு சொல்லிட்டுப் போற. மாட்டிகினு பேஜாரு படறது நான்தான? வேல பழகனதுக்கு சர்ட்டிபிகேட் தரேன்னு சொல்லிகீறாரு. அத வாங்கிகினு அங்கருந்து நானே வந்துடறேன்க்கா.”

“எப்ப தராராம்?”

சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த நைனா தலை நிமிராமல், “அது சொல்றது ஞாயந்தான? கேட்டுப் பாரேன். நம்ம உழைப்பத்தான கேக்கறோம்” என்றார். நைனா சொன்னபிறகு அவன் மறுத்துப் பேசுகிறவன் இல்லை.

மறுநாள் நானும் கூடப் போனேன். வாசலில் அதே பெஞ்சு. இரண்டு பையன்கள் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆடிட்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு காபி வரவழைத்தார். ஆப்பிரிக்காவில் வெயில் எப்படி, கறிகாய் கிடைக்கிறதா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. வீட்டில் சொல்லிப் பார்த்து வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு, சாமுவேல் சம்பளம் கேட்டான்.

“நீ கேட்டதுல தப்பே இல்லப்பா,” என்றார் அவர். “மூணு வருஷமாச்சு. நியாயம்தான்.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“ஆனா வெளியே பெஞ்சுல ரெண்டு பேர் உக்காந்திருக்கா, பாத்தியா? அவா கேக்கலையே.”

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. நீ வேறு நல்ல இடமாகப் பார்த்துக்கொள், உனக்கு என் ஆசீர்வாதம் உண்டு என்றார். சர்ட்டிபிகேட் பற்றி நான் கேட்டதற்கு, பழகுகிற காலம் முடிந்தவர்களுக்குத்தான் தருகிறது என்றார். அது எப்போது முடியும் என்று அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது. நாங்கள் வெளியே வந்ததும் பெஞ்சிலிருந்த ஒருவன் எழுந்து நின்று, “அண்ணாத்த, உள்ள எடம் எதனா காலியா கீதா?” என்று கேட்டான். சாமுவேல் கதவைக் கையால் காட்டினான். “கீது, போ” என்றான்.

என் மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே அவனை மாமல்லபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற கடற்கரை ஓட்டல் ஒன்றில் கணக்கெழுத ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சம்பளம் உண்டு, இரண்டு வேளைச் சாப்பாடும் உண்டு. மேனேஜர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார், இவனும் டக்டக்கென்று பதில் சொன்னான். அவருக்குப் பிடித்துப் போயிற்று என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு, “பணம் புழங்குற எடம். சொந்தமா நெலம் வெச்சிருக்கறவங்க ரெண்டு பேரு ஜாமீன் கையெழுத்துப் போடணும், இட்டாந்துடு” என்றார். சாமுவேல் என்னைப் பார்த்தான். எங்கள் சொந்தபந்தம் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினாலும் அதில் ஒரு பட்டா தேறாது. ஜாமீனுக்குப் பதிலாக டெபாசிட் கட்டுகிறோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஓட்டல் வழக்கம் அது இல்லை என்றார். கிளிஞ்சல் மாலை விற்கிறவர்கள் கூப்பிடக் கூப்பிட, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தோம். வீட்டுக்கு வந்து நான் விஷயத்தைச் சொன்னதும் நைனா, “சரி, இன்னா பண்றது” என்று மட்டும் சொன்னார். நான் திரும்ப விமானம் ஏறுகிற வரைக்கும் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

போன மாதம் சாமுவேலிடமிருந்து கடிதம் வந்தது. நைனா வேலை செய்கிற இடத்திலேயே அவனும் மண் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பி.காம். என்று சொல்லவில்லையாம். சொன்னால் மேஸ்திரி சேர்த்துக்கொள்ள மாட்டாராம். ‘சனிக்கிழமை ஆனா கூலி குடுத்துடறாங்கக்கா. கேக்காமலே குடுக்கறாங்க’ என்று எழுதியிருந்தான். குத்தல் இல்லை, அவன் சந்தோஷமாகவே எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை. கீழே அம்மா சொல்லி அவன் எழுதிய ஒரு வரி இருந்தது. நைனா இப்போதெல்லாம் விடியற்காலையிலேயே தனியாகக் கிளம்பிவிடுகிறார், மகனோடு சேர்ந்து சைக்கிளில் போவதில்லை. அந்த வரியையும் என் தம்பி அடித்தல் திருத்தல் இல்லாமல்தான் எழுதியிருந்தான்.

நேற்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். “இந்த வருடம் உனக்கு எவ்வளவு போடலாம்? நீயே சொல்லு” என்றார். இப்படிக் கேட்பார் என்று எனக்கு முன்பே தெரியும். முசோண்டாதான் பாடம் நடத்தியிருந்தான். தொகையைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், பா மாயோ, அவ்வளவுதான் என்று. தொகை நாக்கு நுனியில் இருந்தது. இந்த ஊரில் அந்தப் பெஞ்சு இல்லை, கேட்டால் போகிற வேலையும் இல்லை. எல்லாம் தெரிந்தும் நான் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தேன். வெளியே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. “நீங்களே பார்த்துப் போடுங்கள்” என்றேன். முதலாளியும் நம் தேசத்துக்காரர்தானே, அந்த வார்த்தையின் விலை அவருக்குத் தெரியும். நிம்மதியாகச் சிரித்தார்.

இன்று காலையில் கடைக்குள் நுழைந்ததும் முசோண்டா, “ம்வாஷிபுக்கேனி, பா மாயோ?” என்றான். “ஏயா முக்வாய்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அவன் என் நாற்காலியைப் பார்த்துவிட்டு, “ஏன் எப்போதும் நாற்காலியின் ஓரத்திலேயே உட்காருகிறீர்கள்? விழுந்துவிடப் போகிறீர்கள்” என்றான். குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.