மாமன் வெள்ளி

கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். கோடை வெயிலில் விருதுநகரே வத்தல் மண்டி நெடிக்குத் தும்மிக்கொண்டிருக்கும் மத்தியான வேளையில், அண்ணன் பழைய மத்தாப்புப் பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து அந்த அமெரிக்க வெள்ளி டாலரை எடுத்து என் கன்னத்தில் ஒட்டுவார்.

அண்ணனுக்குச் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்காக வடக்கே போய் ஆர்டர் பிடிக்கிற வேலை. மற்றவர்கள் கல்கத்தாவிலிருந்து சேலை வாங்கி வந்தால், இவர் பழைய வெள்ளிக் கடைகளில் அலைந்து டாலர் காசு வாங்கி வருவார். மூன்று சேர்ந்திருந்தன. இரண்டு பிற்காலத்தவை, மூன்றாவதுதான் அவருடைய உயிர். அமெரிக்காக்காரன் முதன்முதலில் டாலர் அடித்த காலத்துக் காசு அது. கூந்தலை அவிழ்த்துவிட்ட ஒரு பெண்ணின் தலை, சுற்றிலும் நட்சத்திரங்கள், கனத்த விளிம்பிலும் எழுத்துகள். அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் எத்தனையோ தடவை சடை பின்னிவிட்டிருக்கிறேன். அம்மாவுக்குத்தான் அவளைக் கண்டால் ஆகாது. "தலைய விரிச்சுப் போட்டவள வீட்டுக்குள்ள வச்சிருக்கானே" என்று பொருமுவாள்.

அக்காவுக்குத் தலைப்பிரசவத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. பேர் வைக்கிற அன்று தாய்மாமன் வெள்ளி அரணாக்கொடி கொண்டுவந்து பிள்ளையின் இடுப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். தீபாவளி சீசனுக்காக அண்ணன் வடக்கே போயிருந்த நேரம், அம்மா யாரிடமும் மூச்சுவிடாமல் மூன்று காசையும் ஆசாரியிடம் கொடுத்து உருக்கிக் கொடி செய்துவிட்டாள்.

ஊர் திரும்பிய அண்ணன் பெட்டியைத் திறந்தார். வெறும் பஞ்சு.

"கடையில வாங்குனா அது மாமன் வெள்ளியாகுமா? நீ தேடுன வெள்ளி உன் மருமகனுக்குத்தானே போயிருக்கு" என்றாள் அம்மா, ஏதோ நல்லது செய்துவிட்ட முகத்தோடு.

"அம்புட்டையுமா உருக்குனீக?" என்று கேட்டார் அண்ணன். எனக்கோ அம்மாவின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அண்ணன் குளித்துவிட்டு வந்து, காலை உதைத்துச் சிரித்த பிள்ளைக்குத் தம் கையாலேயே கொடியைக் கட்டினார்.

பிள்ளை தவழ ஆரம்பித்த நேரத்தில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் தங்கவில்லை. பாவிப் பிள்ளை, என்னைச் "சித்தி" என்றுகூடக் கூப்பிடவில்லையே என்று அழுதேன். குளிப்பாட்டியதும் அம்மா கொடியை அவிழ்க்கப் போனாள். வெள்ளியை மண்ணுக்குக் கொடுக்கிற வழக்கம் எங்களில் இல்லை.

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவுக்காதீகம்மா. அது அவனுக்குப் போட்டது." பிறகு பிள்ளையை நெஞ்சோடு அணைத்து அவரே தூக்கிப் போனார்.

அதற்கப்புறம் அவர் காசு சேர்க்கவில்லை. பிள்ளையைப் புதைத்த இடம் இன்று லாரி நிற்கும் ஷெட். எந்த மூலை என்று காட்ட அண்ணனும் இல்லை. அவர் இருந்தவரை அவரைத் தேடி, பழைய காசு சேர்ப்பவர்கள் யாராவது வருவார்கள். "அண்ணாச்சி, உங்ககிட்ட ஒரு ஆதிகாலத்து டாலர் இருந்துச்சாமே, இப்ப யாருகிட்ட இருக்கு?" என்பார்கள்.

"எங்க மருமகன்கிட்ட இருக்கு" என்பார் அண்ணன்.