வாத்துக்குக் கேட் பாஸ்

கால்நடை மருத்துவர் வேலையில் மிருகங்களால் பெரிய தொல்லை கிடையாது. தொல்லை யாரிடமிருந்து வரும் என்பது, கம்பெனி வாசலில் என்னைப் போலக் காத்துக் கிடந்த உங்களுக்கே தெரியும்.

வெளியே போக

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை. பிள்ளைப்பாக்கம் ஏரிக்கு வரும் காட்டு வாத்துகள் அதன் மழைநீர்க் குட்டையிலும் இறங்கும். மூன்று செத்துக் கிடப்பதாகத் தகவல் வந்து போனேன். இரண்டை உடனே ஆழமாகப் புதைக்கச் சொல்லிவிட்டு, ஒன்றை உறையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினேன். செக்யூரிட்டி ஏகாம்பரம் மறித்தார். ஒரு திருகாணி வெளியே போனாலும் ஸ்டோர்ஸ் மேனேஜர் கையெழுத்து வேண்டுமாம். வாத்து ஸ்டோர்ஸ் சரக்கில்லை என்று வாதாடிப் பார்த்தேன்.

“உள்ள பறந்து வந்தது வேற சார். வெளிய போவணும்னா கேட் பாஸ் வேணும்.”

குழம்பு நிறுத்தம்

பறவைக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. கம்பெனியின் சேஃப்டி அதிகாரி கூட்டம் போட்டார். இந்தக் கிருமியோடு காட்டு வாத்து சில சமயம் ஒன்றும் ஆகாமல் பறந்துவிடும். கோழிகள் கூண்டோடு சாகும். செத்ததைத் தின்கிற பூனை, நரியையும் விடாது. வெளிநாட்டில் கறவை மாட்டுக்கும் தொற்றியிருக்கிறது என்று தொண்டை வற்ற விளக்கினேன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். மறுநாள் கேன்டீனில் கோழிக் குழம்பை நிறுத்தினார்கள். இரண்டு வாத்தும் குட்டையோரத்திலேயே கிடந்தன. ஏன் என்று அதிகாரியிடம் கேட்டேன்.

“குழி தோண்ட வொர்க் பெர்மிட் போட்டிருக்கோம் டாக்டர், அப்ரூவல் வரட்டும்.”

ராணி

ஏகாம்பரம் கேட் அறையில் ராணி என்றொரு பூனை வளர்த்தார். டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் உருண்டை அதற்குத்தான். அதைக் கட்டிப் போடுங்கள், குட்டைப் பக்கம் விடாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சாத குறை. மனிதர் சிரித்தார்.

“கோழிக்கு வர்ற காய்ச்சல் சார் அது. பூனைய இன்னா பண்ணும்?”

சீட்டு

நாலைந்து நாளில் அவரே போன் செய்தார். ராணி மூச்சு வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றியது. அவர் நாற்காலிக்கு அடியில் வாத்து இறகு கிடந்தது. சாயங்காலத்துக்குள் ராணியின் உயிர் போய்விட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் அவர் மேல் இல்லை. அவரையும் பரிசோதனைக்குப் போகச் சொல்லிவிட்டு, ராணியை ஐஸ் பெட்டியில் வைத்தேன். இந்த முறை முன்ஜாக்கிரதையாகக் கையெழுத்து வாங்கி வைத்திருந்த கேட் பாஸை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. எழுந்து போய்க் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்.

“சீட்டெல்லாம் வாணாம் சார். குலுங்காம எடுத்துகினு போங்க.”

குழி தோண்டும் அனுமதி மறுநாளே வந்துவிட்டது. அந்த வளாகத்தில் யார் கையெழுத்துக்கும் காத்திருக்காமல் வேலையை முடித்தது கிருமி மட்டும்தான்.